ஹெல்மெட் போடாவிட்டால் லாரியும் ஓட்ட முடியாதா? லைசென்ஸை பாதிக்கும் 'சின்ன' தப்புகள்... முழு விவரம்!

நெய்வேலி அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் லாரி ஓட்டும் ஒரு டிரைவர். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தவர், மெயின் பஜார் வரைக்கும்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரை எடுக்கிறார். போலீசிடம் மாட்டுகிறார். "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டா முடிஞ்சுது" என்று நினைக்கிறார். இப்படி ஒரு சூழலில், விஷயம் உண்மையிலேயே அதோடு முடிந்துவிடுமா?

அபராதம் மட்டும்தானா?

இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு, ஹெல்மெட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாத லைசென்ஸ் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. பைக்கில் மூன்று பேர் போனாலும் (194சி) இதே கதைதான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகை அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ஹெல்மெட் அபராதம் வெறும் 100 ரூபாய்!

நடைமுறையில் பல நேரம் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப போலீசுக்கு அதிகாரம் உண்டு. அதிவேகம், சிக்னலை மீறுவது, செல்போன் பேசியபடி ஓட்டுவது, ராங் சைடில் வருவது ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

லாரி லைசென்ஸுக்கு என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல். ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் தனித்தனி கார்டு கிடையாது, இரண்டும் ஒரே லைசென்ஸில்தான் இருக்கின்றன. ஸ்கூட்டரில் செய்த தப்புக்கு 194டி-யின்படி லைசென்ஸ் முடங்கினால், 3 மாதம் லாரியையும் தொட முடியாது. ஸ்டியரிங்கை நம்பி குடும்பம் நடத்துபவருக்கு அது 3 மாத வருமானம்.

மீறி ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம்.

ஆர்.டி.ஓ. உடனே ரத்து செய்துவிடுவாரா?

முடியாது. உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். போலீஸ் அனுப்பிய லைசென்ஸை முதல் முறை என்றால் 3 மாதம் முடக்கலாம். மறுபடியும் மாட்டினால் ரத்தே செய்யலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடங்கிய லைசென்ஸைத் திரும்பப் பெற புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

2020 அக்டோபர் முதல் இந்த முடக்கம், ரத்து விவரங்கள் அரசு போர்ட்டலில் தேதி வாரியாக ஏறுகின்றன. ஊர் மாறினாலும் பதிவு கூடவே வரும்.

டவுன்ஷிப் ரோடு கம்பெனி ரோடுதானே?

ரோடு யாருடையது என்பது கேள்வியே இல்லை. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம் எதுவாக இருந்தாலும் சட்டப்படி 'பொது இடம்'தான். பண்ருட்டி-வடலூர் நெடுஞ்சாலைக்கு உள்ள அதே சட்டம்தான் வட்டங்களுக்குள் இருக்கும் சாலைகளுக்கும்.

பையன் வண்டியை எடுத்தால்?

18 வயது நிரம்பாத பிள்ளை அப்பாவின் பைக்கில் டியூஷன் போய் மாட்டினால், 199ஏ பிரிவு பாயும். பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது.

சிங்கப்பூரில் எப்படி?

அங்கே ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி உண்டு. 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடங்கும். நம் சட்டத்தில் 194டி-க்கு அப்படி எண்ணிக்கை சேரவேண்டிய அவசியமே இல்லை. ஒரே தப்பு போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண் அல்லது லைசென்ஸ் எண் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள்.

* கேமராவில் பதிவாகும் சலான் வண்டி உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். வண்டியை இரவல் கொடுத்திருந்தால் கட்டாயம் செக் செய்யுங்கள்.

* தவறான சலான் வந்தால் அதே தளத்தில் புகார் செய்யலாம்.

* 'சலான்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் திறக்காதீர்கள். அது பணத்தைத் திருடும் மோசடி.

பஜாருக்கு போய்வர பத்து நிமிஷம்தான். அந்த பத்து நிமிஷத்துக்கும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும்!