முதல் தூண்டில்: எதற்குச் செலவு செய்வது?

தூண்டில் போட ஆசையா? கையில் காசு குறைவா? கவலை வேண்டாம். முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனுக்கு இறகால் செய்த போலி ஈயைத் தூண்டிலில் கட்டி வீசுவார்கள். அந்த ஈக்கு எடையே இல்லை எனலாம். பிறகு எப்படித் தொலைவில் போய் விழுகிறது? கோல் வில்லாக வளைந்து நிமிர்கிறது; கனமான நூல் பறந்து ஈயை இழுத்துச் செல்கிறது. ஆகவே கோலும் நூலுமே முக்கியம். சிறு மீனுக்கு ரீல் என்பது நூல் சுற்றும் சக்கரம்தான்; மலிவானதே போதும்.

நெய்வேலி நகரியத்துக்கு அருகே ஏரிக்குப் போகிறீர்களா? அங்கே ரீலே வேண்டாம். முற்றிய மூங்கில், நைலான் நரம்பு, தக்கை, முள் போதும். மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலருகே நெருக்கமாக உள்ளன, அதைச் சீவிவிடாதீர்கள்.

மலிவாகக் கிடைத்தாலும் கார்பன் கோல் வேண்டாம். ஏன்? கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். நெய்வேலியோ 1962 முதல் மின்சாரம் தரும் ஊர். உயரழுத்தக் கம்பிகள் பல திசைகளிலும் செல்கின்றன. கோல் கம்பியைத் தொடவேண்டும் என்பதில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவலாம். ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே எந்தக் கோலானாலும் வீசுமுன் தலைக்கு மேலே பாருங்கள். சுரங்கக் குழிப் பக்கம் போகாதீர்கள். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.