'பஞ்சாயத்' சீரிஸ்: அந்த ஊருக்கு யார் தலைவர்?

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் அமேசான் பிரைமில் வந்த இந்தி சீரிஸ் 'பஞ்சாயத்'. சந்தன் குமார் எழுத்து, தீபக் குமார் மிஸ்ரா இயக்கம். இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருத்தன், 20,000 ரூபாய் சம்பளத்தில் ஊராட்சிச் செயலராக உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்திலுள்ள புலேரா கிராமத்துக்குப் போகிறான். கதை அவ்வளவுதான். புலேரா கற்பனை ஊர். படப்பிடிப்பு நடந்தது மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் மாவட்டக் கிராமம் ஒன்றில்.

பண்ணையார், கொள்ளைக்காரன், அரிவாள் எதுவும் இல்லாமல் ஒரு கிராமத்துக் கதையா? ஆமாம். ஆபீஸ் சாவி தொலைகிறது, மானிட்டர் திருடு போகிறது, சோலார் விளக்கு யார் வீட்டு முன்னாடி என்று பேச்சு நடக்கிறது. அரசாங்கம் கிராமத்துக்குள் எப்படி வந்து சேருகிறது என்பதை இந்தச் சின்னச் சின்ன விஷயங்களே காட்டிவிடுகின்றன.

இதில் கவனிக்கவேண்டிய ஆள் மஞ்சு தேவி (நீனா குப்தா). தேர்தலில் ஜெயித்த 'பிரதான்', அதாவது ஊராட்சித் தலைவர், அவர்தான். ஆனால் ஊரே 'பிரதான்ஜி' என்று கூப்பிடுவது அவர் புருஷனை (ரகுபீர் யாதவ்). முடிவெடுப்பதும் அவர்தான். மஞ்சு தேவி அடுப்படியில் இருப்பார்.

இது சிரிப்புக்காகச் சேர்த்த விஷயம் இல்லைங்க. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் உறுப்பினர், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்றது. தொகுதி பெண்களுக்குப் போனதும், அதுவரை நின்ற ஆண்கள் மனைவி பெயரில் மனு போட்டார்கள். வடக்கே இதற்கு 'பிரதான் பதி' என்று பெயரே உண்டு. 'பதி' என்றால் கணவன்.

முதல் சீசன் கடைசியில் குடியரசு தினக் கொடியை மஞ்சு தேவியே ஏற்றி, தட்டுத்தடுமாறி தேசிய கீதம் பாடுகிறார். இது ஒரே நாளில் வந்த விடுதலை இல்லை. அடுத்த சீசன்களிலும் புருஷன் கை ஓங்கியேதான் இருக்கிறது. ஆனால் அவர் மெல்ல மெல்லக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். 2025-ல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமே நீனா குப்தாவை வைத்து, 'நிஜமான பிரதான் யார்?' என்ற பொருளில் தலைப்பிட்ட விழிப்புணர்வுக் குறும்படத்தை வெளியிட்டது. கதைக்கும் நடப்புக்கும் தூரம் ரொம்ப இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒரு குறை இருக்கிறது. திரிபாதி, துபே, பாண்டே, சுக்லா என்று நாலு முக்கியப் பாத்திரங்களின் குடும்பப் பெயர்களும் பிராமணப் பெயர்கள். அதே 73-வது திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தத் தலைவர்கள் நாற்காலியில் உட்கார என்ன பாடுபடுகிறார்கள் என்பது புலேராவின் மையக் கதைக்குள் வருவதில்லை. சாவி தொலைந்ததை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்துகிறது.

தமிழில் இதே கதை 2024-ல் நாகா இயக்கத்தில் 'தலைவெட்டியான் பாளையம்' ஆனது. இங்கே 2016-லேயே பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கச் சட்டம் கொண்டுவந்தாச்சு. உங்க ஊராட்சித் தலைவர் ஒரு பெண் என்றால், அடுத்த கிராம சபைக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. மைக் யார் கையில் இருக்கிறது?