குளிரில் பதராகும் நெல்

1993-ஆம் ஆண்டுக் கோடையில் ஜப்பானின் வடகிழக்கு வயல்களில் பயிர் பச்சையாகத்தான் நின்றது. கதிரும் வந்தது. ஆனால் கதிரை நசுக்கிப் பார்த்தால் பால் இல்லை, பதர். ஓகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து வீசும் ‘யமசே’ என்ற குளிர்காற்று அந்த ஆண்டு விடவே இல்லை. வழக்கமான விளைச்சலில் நாடு முழுதும் முக்கால் பங்குதான் தேறியது. அந்நாளில் பொதுவாக அரிசியை வெளியில் வாங்காத ஜப்பான் தாய்லாந்து அரிசியை இறக்குமதி செய்தது.

பயிர் சாகாமல் மணி மட்டும் ஏன் பொய்த்தது? நெல்லைக் குளிர் மிக மோசமாகத் தாக்குவது தொண்டைக்கதிர்ப் பருவத்தில், கதிர் வெளிவரப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது. அப்போதுதான் இலையுறைக்குள் மகரந்தம் உருவாகிறது. மகரந்தப் பையின் உள்ளடுக்கான டபீட்டம், இளம் மகரந்தத்துக்கு ஊட்டம் கொடுத்துவிட்டுக் கரைந்துபோக வேண்டும். சில நாள் தொடர்ந்து வெப்பநிலை 17, 18 டிகிரிக்குக் கீழே போனால் அது கரையாமல் வீங்கிவிடுகிறது. மகரந்தம் பட்டினி கிடந்து மலடாகிறது. அங்குள்ள விவசாயிகள் இந்தச் சமயத்தில் வயலில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவார்கள். உறைக்குள் இருக்கும் கதிருக்கு அந்த நீர்தான் கதகதப்பு.

எல்லா ரகமும் ஒரேபோல் அடிவாங்கவில்லை. அதுவரை கொடிகட்டிப் பறந்த சசானிஷிகி சரிந்தது. 1991-இல் வெளிவந்த ஹிதோமெபோரே தாக்குப்பிடித்தது. வேறுபாடு மரபணுக்களில் இருக்கிறது.

நெல்லின் குளிர் தாங்கும் மரபணுக்களில் அதிகம் பேசப்படுவது ‘கோல்டு1’. சீன அறிவியல் கழகத்தின் காங் சோங் குழு 2015-இல் இதை வெளியிட்டது. இதன் புரதம் செல்லின் சவ்வில் இருக்கிறது. நாற்றின்மேல் குளிர் பட்டதும் ஒரு ஜி-புரதத்தோடு சேர்ந்து செல்லுக்குள் கால்சியத்தை ஏறவிடுகிறது. அதுதான் அபாய அறிவிப்பு. தற்காப்பு மரபணுக்கள் அடுத்தடுத்து வேலையைத் தொடங்குகின்றன. குளிர் தாங்கும் ஜப்போனிகா நெல்லில் இந்தப் புரதத்தின் 187-ஆவது இடத்தில் இருப்பது லைசின் என்ற அமினோ அமிலம். இண்டிகா நெல்லில் மெத்தியோனின் அல்லது திரியோனின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்! சீனத்துக் காட்டுநெல்லிலிருந்து ஜப்போனிகாவுக்கு வந்த எழுத்து அது.

இதை வைத்து ‘குளிர் தாங்கும் மரபணு சிக்கிவிட்டது’ என்று தலைப்புப் போடுவது அவசரக்குடுக்கைத்தனம். நாற்றில் குளிர் தாங்கும் ரகம் தொண்டைக்கதிரிலும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பருவத்துக்குப் பருவம் மரபணுக்கள் வேறு. தொண்டைக்கதிர்ப் பருவத்துக்கு உதவும் ‘சிடிபி4ஏ’ 2017-இல் யுன்னான் மலைநாட்டின் குன்மிங் சியாவ்பாய்கு என்ற நாட்டு ரகத்திலிருந்து கிடைத்தது. குளிரிலும் செல்லுக்கு ஏடிபி ஆற்றல் குறையாமல் காப்பது அதன் வேலை. குளிர்மண்ணில் முளைப்பதற்கான ஒரு மரபணுவோ இத்தாலிய ரகத்திலிருந்து வந்தது.

டிஎன்ஏ எழுத்தே மாறாமலும் குளிர் பழகலாம் என்பது 2025-இல் வந்த செய்தி. சீன ஆய்வாளர்கள் மகரந்தம் உருவாகும் கட்டத்தில் நெல்லை மூன்று தலைமுறை குளிரில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ‘ஆக்ட்1’ மரபணுவின் முகப்பில் ஒட்டியிருந்த மீத்தைல் குறிகள் நீங்கி, குளிரிலும் அது அடங்காமல் இயங்கியது. குளிர் இல்லாத சூழலில் வளர்த்தபோதும் அந்தக் குணம் ஐந்து தலைமுறை வரை நீடித்தது.