உங்களுக்குத் தெரியுமா? கீமோ ஏறும்போது வாயில் ஐஸ் துண்டு

5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தைச் சில நிமிடங்களில் ஊசியாக ஏற்றும்போது, 5 நிமிடம் முன்பே தொடங்கி அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் வருவது குறைகிறது. குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அங்கே போய்ச் சேரும் மருந்தும் குறையும். ரத்தத்தில் இம்மருந்து வெகுவேகமாக வடிந்துவிடுவதால் அரை மணி நேரமே போதும். இவ்வளவு மலிவான காப்பு எல்லா நோயாளிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் ஐஸ் வேண்டாம். குளிர் பட்டதும் உதடும் தொண்டையும் மரத்து, மூச்சு அடைப்பதுபோல இருக்கும். எந்த மருந்து ஏறுகிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

புண் பெரும்பாலும் கீமோவுக்குப் பின் 5 முதல் 10 நாளில் தலைகாட்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் உப்பு, ஆப்ப சோடா தலா ஒரு டீஸ்பூன் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். ஊறுகாயும் காரமும் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். குழைந்த பருப்புசாதம், ஆறிய கஞ்சி இதமாக இருக்கும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நடுராத்திரி என்றாலும் மருத்துவமனையை அழையுங்கள்.