பியானோவும் தூய சுருதியும்

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரின் செவி விம்மலைத் தேடுகிறது. ஏறத்தாழ ஒத்த இரு ஒலிகள் ஒருங்கே எழும்போது ஓசை அலைபோல் ஏறி இறங்கும், அதுவே விம்மல். இரண்டும் முற்றும் இசைந்தால் அது அடங்கிவிடும்.

இன்றைய பியானோக்களில் பெரும்பாலானவற்றில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாக வகுக்கப்படுகிறது. இதனால் எந்தச் சுரத்திலிருந்து பாடலைத் தொடங்கினும் இடைவெளிகள் மாறுவதில்லை. ஆனால் இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. லா விநாடிக்கு 440 அதிர்வுகள் எனில், நடு தோ 261.6, மீ 329.6. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் விநாடிக்குச் சுமார் பத்து விம்மல்கள் எழுகின்றன. பழகிய நம் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை.

தூய சுருதியோ எளிய விகிதங்களைப் பற்றி நிற்பது. தோவுக்கும் சோவுக்கும் 2:3. தோவுக்கும் மீக்கும் 4:5. நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று தந்திகள் உள்ளன. கம்பளிப் பட்டையால் இரண்டை அடக்கி, எஞ்சியதன் ஆணியை விம்மல் ஓயும்வரை மெல்லத் திருக வேண்டும். பின்னர் மற்ற இரண்டையும் அதனோடு சேர்க்க வேண்டும். லா 440 ஆக நிற்க, தோ 264, ரே 297, மீ 330, ஃபா 352, சோ 396, தீ 495 என அமையும். தோ–மீ–சோ, ஃபா–லா–தோ, சோ–தீ–ரே ஆகிய மூன்று கூட்டொலிகளும் அசைவின்றித் தெளிந்து நிற்கும்.

ஆயினும் ரேயையும் லாவையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். 297க்குத் தூய துணைச்சுரம் 445.5, இருப்பதோ 440. விநாடிக்கு 11 விம்மல்கள்! லாவை உயர்த்தினால் ஃபா–லா கெடும். ரேயைத் தாழ்த்தினால் சோ–ரே கெடும். இது சுருதி சேர்ப்பவரின் குறையன்று, எண்களின் இயல்பு. பக்கவாத்தியமின்றிப் பாடும் பாடகர் குழுவினர், இடத்திற்கேற்பச் சுரத்தைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் கொள்வர். பியானோக் கட்டைக்கு அந்த நெகிழ்வு இல்லை.

அமெரிக்க இசைஞர் லா மான்டே யங் இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டு, 1964இல் தூய சுருதிப் பியானோவுக்கென்றே ஒரு படைப்பைத் தொடங்கினார். 1981இல் நியூயார்க்கில் அவர் அதனை வாசித்தபோது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீண்டது.

ஆதலின், பியானோவைத் தூய சுருதிக்கு மாற்ற விழைவோர் முதலில் தாம் வாசிக்கும் பாடல்களை எடுத்துப் பார்த்தல் நலம். தோவை ஆதாரமாகக் கொண்ட எளிய பாடல்கள் புத்தொளி பெறும். ரே–லா அடிக்கடி வரும் பாடல்களோ துன்புறும். எந்த இனிமைக்காக எதனை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெளிந்த பின்னரே ஆணியில் கைவைப்போமாக.