எம்.ஆர்.ராதா: ஒரே தொண்டையில் இரண்டு குரல்... ‘நடிகவேள்’ பேச்சு இன்னும் காதில் கேட்பது ஏன்?

எந்த ஊர் மிமிக்ரி மேடையாக இருந்தாலும் சரி, இந்த ஒரு ஐட்டம் கண்டிப்பாக இருக்கும். கலைஞர் மைக்கைப் பிடித்து, கரகரவென அடிக்குரலில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். அதே வாக்கியம் முடியும்போது குரல் கீச்சென்று உச்சிக்குப் போய் நிற்கும். யார் என்று பெயர் சொல்ல வேண்டியதே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள்கூட கைதட்டுவார்கள். எம்.ஆர்.ராதா மறைந்தது 1979-ல். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரே அப்போது பிறந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சென்னையில் பிறந்த ராதாவின் கடைசி மூச்சு அடங்கியது திருச்சியில். பாலக்கரையைத் தாண்டினால் வரும் சங்கிலியாண்டபுரம்தான் அவரது பேட்டை.

அந்தக் குரல் எப்படி வந்தது?

சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் ராதா. மைக் வசதி பெரிதாக இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும். அழகான குரல் இருந்தால் மட்டும் போதாது, கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகிற குரல் வேண்டும். ராதாவின் பேச்சில் இருக்கும் அந்த திடீர் ஏற்ற இறக்கம் அப்படிப்பட்ட மேடைகளில் பழகியது.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர் பேசுவதைக் கவனித்தால் இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கும். அடிக்குரல் ஒரு விஷயத்தை மரியாதையாகச் சொல்லும். கீச்சுக்குரல் உடனே அதைக் கிண்டல் பண்ணும். பெரிய மனிதர் ஒருவரும், அவரை நம்பாத குசும்பர் ஒருவரும் ஒரே வாயில் குடியிருக்கிறார்கள். மிமிக்ரி செய்பவர்கள் பலர் சத்தத்தைப் பிடித்துவிடுகிறார்கள். இந்தச் சண்டையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் இது உச்சத்துக்குப் போனது. அன்றைய செய்தித்தாளில் வந்த விஷயத்தை அன்றைக்கே மேடையில் சேர்த்துப் பேசுவார் என்பதால், நேற்று பார்த்தவர் இன்றும் டிக்கெட் எடுத்தார். 1954-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானபோது, வெளிநாடு போய்த் திரும்பிய திமிர் பிடித்த பணக்காரன் மோகனசுந்தரமாக முதல் பாதியில் ஆங்கிலம் கலந்து அலட்டுவார். தொழுநோய் வந்த பிறகு அதே ஆள், தட்டுத் தடுமாறி, உடைந்த குரலில் பேசுவார். அப்போதும் நக்கல் மட்டும் குறையாது. வில்லன், நோயாளி, காமெடியன் மூன்றும் அவரே. படம் பார்ப்பவர் சிரிப்பதா, அழுவதா என்று முழிக்க வேண்டியதுதான்.

(1962-ல் வந்த ‘பலே பாண்டியா’வில் சிவாஜியுடன் அவர் கொன்னக்கோல் சொல்லும் பாட்டு பலருக்கு ஞாபகம் இருக்கும். உண்மையில் அதில் ஒலிப்பது எம்.ராஜுவின் குரல். ஆனாலும் ராதாவின் முகத்தை விட்டு அந்தச் சத்தத்தைப் பிரிக்கவே முடியாது!)

அந்தப் பேச்சுக்கு ஒரு சட்டம்!

காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். ரங்கநாதர் கோயிலில் தாயார் சன்னதி அருகே இருக்கும் மண்டபத்தில்தான் கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. மேட்டழகிய சிங்கரே கர்ஜித்து அதை ஆமோதித்தார் என்று சொல்வார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் திருச்சியில், 1954-ல் பெரியாரின் தொண்டரான ராதா போட்டது வேறு மாதிரி ராமாயணம். பக்தர்கள் கொதித்தார்கள். தடை, கைது என்று விஷயம் பெரிதானது. அதே 1954-ல் சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்சேபகரமானது என்று கருதும் நாடகத்தைத் தடுக்க அதில் வழி இருந்தது. ராதாவை மனதில் வைத்தே வந்த சட்டம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது ஆண்டு 2013. ராதா போய் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1967: இன்னொருவரின் குரல்

ராதாவைப் பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். ராதாவும் குண்டுக் காயத்துடன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த குண்டு அவரது பேச்சை நிரந்தரமாக மாற்றியது. அந்த ஆண்டு வெளியான ‘காவல்காரன்’ படத்தில் சுடப்படுவதற்கு முன் இருந்த குரல், பின் வந்த குரல் இரண்டையுமே கேட்கலாம். வேறு ஆளை வைத்து டப்பிங் பேசவிடாமல், உடைந்த குரலிலேயே எம்.ஜி.ஆர். தொடர்ந்து நடித்தார். கழுத்துக் கட்டுடன் இருந்த அவரது போஸ்டர் 1967 தேர்தலில் ஊர் ஊராக ஒட்டப்பட்டது தனிக்கதை.

செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதாவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. குரலாலேயே வாழ்ந்த ஒரு நடிகர், இன்னொரு நடிகரின் குரலைப் பறித்த வழக்கில் குற்றவாளி. ரசிகர்களுக்கு இதை ஜீரணிப்பது இன்றும் சுலபமில்லை.

சங்கிலியாண்டபுரத்துக்கு இது புதிதும் அல்ல. ‘ஹரிதாஸ்’ வெளியான 1944-லேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் இதே பகுதியில்தான் நினைவிடம். மேல்முறையீட்டில் 1947-ல் விடுதலையானார். ஆனால் பழைய மார்க்கெட் திரும்பவே இல்லை. கடவுளைப் பாடிய குரல் ஒன்று, கடவுளைக் கேலி செய்த குரல் ஒன்று. இரண்டையும் உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்தியது சிறைதான்.

ராதா வெளியே வந்து சில படங்களில் நடித்தார், மீண்டும் நாடகம் போட்டார். 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானபோது வயது 72. பெரியார் பிறந்து சரியாக 100 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. அன்று தமிழக முதலமைச்சர், எம்.ஜி.ஆர்.