எந்த ஊர் எஞ்சின்?

ரயில் எஞ்சினின் முகத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று பெரிதாக எழுதியிருக்கும். கூடவே 'டபிள்யூ.ஏ.பி-7' போன்ற ஒரு குறியீடு. இன்னும் கூர்ந்து பார்த்தால் 'ஈ.டி.', 'ஏ.ஜே.ஜே.', 'ஆர்.பி.எம்.' என்று இரண்டு மூன்று எழுத்துகளும் தென்படும். எஸ்-4 பெட்டி எங்கே வந்து நிற்கும் என்ற கவலையில் இருக்கும் பயணி இவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் நடைமேடையின் கோடியில் கேமராவோடு நிற்கும் சிலர் இந்த எழுத்துகளுக்காகவே பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் எடுத்து வந்திருப்பார்கள். வண்டி வளைவில் தலைகாட்டியதும் அவர்களுக்குள் எழும் முதல் கேள்வி, எங்கே போகும் வண்டி என்பதல்ல. எந்த ஊர் எஞ்சின் என்பதுதான்.

இந்தியாவில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் சொந்த ஊர் உண்டு. அதைப் பராமரிக்கும் ஷெட் எங்கே இருக்கிறதோ அதுவே அதன் ஊர். ஈ.டி. என்றால் ஈரோடு, ஏ.ஜே.ஜே. அரக்கோணம், ஆர்.பி.எம். ராயபுரம், ஜி.ஓ.சி. பொன்மலை. எல்.ஜி.டி. என்றிருந்தால் செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடா, ஜி.இசட்.பி. என்றிருந்தால் டெல்லிக்குப் பக்கத்து காஸியாபாத். எஞ்சின் நாடெங்கும் அலையும். ஆனால் குறித்த காலத்தில் பரிசோதனைக்குச் சொந்த ஷெட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இன்ன வண்டிக்கு இன்ன ஷெட்டின் எஞ்சின் என்று முன்கூட்டியே ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு 'லிங்க்' என்று பெயர். ஒதுக்கீட்டை மீறி வேறொரு ஊர் எஞ்சின் வந்து நின்றால் அது 'ஆஃப்லிங்க்'. ரயில் ரசிகர்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்தான்.

குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். முதல் எழுத்து பாதையின் அகலத்தைச் சொல்கிறது: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்கேஜ். அடுத்தது ஆற்றல்: டி டீசல், ஏ மாறுதிசை மின்சாரம், சி நேர்திசை மின்சாரம். மூன்றாவது வேலை: பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும், எஸ் பெட்டிகளைக் கோர்த்துப் பிரிக்கும் ஷண்டிங்குக்கு. ஆக, ரசிகர்கள் 'வாப்-செவன்' என்று செல்லமாக அழைக்கும் டபிள்யூ.ஏ.பி-7, அகலப்பாதையில் மாறுதிசை மின்சாரத்தில் பயணிகள் வண்டியை இழுக்கும் ஏழாவது வகை. ஆறு அச்சுகள், 123 டன் எடை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன். வெள்ளை உடலில் சிவப்புப் பட்டையோடு வருவதை இன்று தமிழ்நாட்டில் எந்தப் பெரிய சந்திப்பிலும் காணலாம். பச்சை உடலில் மஞ்சள் பட்டை என்றால் அது பெரும்பாலும் அதன் சரக்கு உறவான டபிள்யூ.ஏ.ஜி-9. எண்ணும் பேசும். 22 என்று தொடங்கினால் பெரும்பாலும் பழைய வாப்-4. வாப்-7இன் வரிசை 30201இல் தொடங்கியது. 60 என்று தொடங்கினால் பீகாரின் மாதேபுராவில் கட்டப்பட்ட 12,000 குதிரைத்திறன் சரக்கு எஞ்சின்.

எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை ஊரறியச் செய்தவர் இயன் ஆலன். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர். எஞ்சின்களைப் பற்றிப் பொதுமக்கள் ஓயாமல் கடிதம் எழுதிக் கேட்டதால், எல்லா எண்களையும் தொகுத்து 1942இல் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். போர்க்காலம், காகிதத்துக்கே பஞ்சம். அப்படியிருந்தும் புத்தகம் விற்றுத் தீர்ந்தது. பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே கோடு இழுப்பது ஒரு தலைமுறைச் சிறுவர்களின் விளையாட்டானது. ஆர்வம் மிஞ்சிய சிறுவர்கள் தண்டவாளத்தில் இறங்கித் தொல்லை கொடுத்தபோது, அத்துமீறி நுழைய மாட்டோம் என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு சேர்க்கும் சங்கத்தையும் அவரே தொடங்கினார்.

காதுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நாள்பட்ட ரசிகர், வண்டி கண்ணில் படுமுன் சத்தத்தை வைத்தே வகையைச் சொல்லிவிடுவார். வாப்-4 நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது உள்ளேயிருந்து அடுத்தடுத்து 'டக், டக்' என்று கேட்கும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதை அப்படியே மோட்டாருக்குக் கொடுக்க முடியாது. டேப் சேஞ்சர் என்ற கருவி மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக் கொடுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'டக்'. வாப்-7இல் இந்தப் படிகளே கிடையாது. மின்னணுக் கருவிகள் கம்பி மின்சாரத்தை மூன்று கட்ட மின்சாரமாக மாற்றி, அதன் அதிர்வெண்ணையே கூட்டிக் குறைத்து மோட்டாரை ஓட்டுகின்றன. அதனால்தான் அது புறப்படும்போது சுருதி ஏறிக்கொண்டே போகும் ஒரு ரீங்காரம் எழுகிறது.

டீசலில் ரசிகர்களின் மனம் கவர்ந்தது 'ஆல்கோ'. அமெரிக்க நிறுவனமான ஆல்கோவின் வடிவமைப்பில் டபிள்யூ.டி.எம்-2 எஞ்சின்கள் 1962இல் இந்தியாவுக்கு வந்தன. 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டன. 2,600 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின்தான் பல பத்தாண்டுகள் இந்திய ரயில்வேயின் முதுகெலும்பாக இருந்தது. லோகோ பைலட் திடீரென்று விசையைக் கூட்டினால் கூரையிலிருந்து கரும்புகை குபீரென்று கிளம்பும். காரணம் எளிது. விசையைக் கூட்டியதும் டீசல் உடனே கூடுதலாக உள்ளே போய்விடுகிறது. அதை எரிக்கத் தேவையான காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கோ சுழற்சி வேகம் பிடிக்கச் சில வினாடிகள் ஆகின்றன. காற்றுப் போதாத விறகு அடுப்பு புகைவதுபோல, அந்தச் சில வினாடிகள் எரிபொருள் அரைகுறையாக எரிகிறது. டர்போ வேகம் பிடித்ததும் புகை தானாக மெலிந்துவிடும். ஆல்கோ, பிஸ்டன் நான்கு முறை ஓடினால் ஒருமுறை வெடிக்கும் எஞ்சின். அதன் துடிப்பைக் காதால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம். பின்னால் வந்த டபிள்யூ.டி.பி-4 போன்றவை, பிஸ்டனின் இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை வெடிக்கும் ஈ.எம்.டி. வகை, அவற்றின் ஒலி விட்டுவிடாத உறுமல். இந்திய அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட நிலையில் ஆல்கோக்கள் வேகமாக மறைந்துவருகின்றன. பொன்மலை போன்ற பழைய டீசல் ஷெட்கள் இன்று மின்சார எஞ்சின்களையும் பராமரிக்கின்றன.

ஓடும் வண்டிதான் அழகு என்று நினைப்பவர்கள், எஞ்சின் கோர்க்கும் காட்சியை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து வரும். ஊழியர் ஒருவர் ஓரமாக நின்று கையசைத்துக்கொண்டே இருப்பார். கொக்கியின் இரண்டு இரும்புத் தாடைகளும் மோதிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் முதல் பெட்டியின் உள்ளே வரை கேட்கும். பிறகு அவர் குனிந்து உள்ளே போய் ரப்பர்க் குழாய்களை இணைப்பார். ஒன்று பிரேக் குழாய். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்க வேண்டும். மற்றொன்று ஊட்டுக் குழாய். அதில் 6 கிலோ. வால்வைத் திருப்பியதும் 'புஸ்ஸ்' என்று காற்று கடைசிப் பெட்டி நோக்கி ஓடத் தொடங்கும். இந்தக் காற்றுதான் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கிறது. குழாய் எங்காவது அறுந்தால் அழுத்தம் இறங்கி, பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். வாப்-7 என்றால் கனமான மின்கம்பிகளும் இணைக்கப்படும். பெட்டிகளின் ஏசிக்கும் விளக்குக்கும் மின்சாரம் எஞ்சினிலிருந்தே போவதால், காதைப் பிளக்கும் ஜெனரேட்டர் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

படம் எடுப்பதற்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது கேமரா அல்ல, வரைபடம். சென்னையிலிருந்து அரக்கோணம், காட்பாடி வழியாகச் செல்லும் தடம் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆகவே காலையில் சென்னையை நோக்கி வரும் வண்டியின் முகத்தில் வெயில் நேராக விழும். மாலையில் சென்னையை விட்டுப் போகும் வண்டிக்கு அந்த யோகம். நேரத்தை மாற்றி நின்றால் கிடைப்பது கறுத்த முகமும் வெளுத்த வானமும்தான். உச்சிவெயில் இன்னும் மோசம். சூடேறிய சரளைக்கல்லின் மேல் காற்று நெளிவதால் தூரத்து எஞ்சின் கலங்கித் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது வேகம். ரசிகர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் 'எம்.பி.எஸ்.' என்பது அந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 36 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே அது மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் எண் கலைந்துபோகும் அளவு அது. சற்றே எதிர்முகமாக, முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தில் நின்றால் அசைவு குறைவாகத் தெரியும். உலகெங்கும் ரயில் படங்கள் பெரும்பாலும் அந்தக் கோணத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்கம்பங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப்பக்கம் நிற்பதும், கூரை மேல் கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் படத்தில் வெட்டுப்படாமல் இடம் விடுவதும் பழகப் பழக வந்துவிடும். இரண்டு பாண்டோகிராஃபில் பின்னால் இருப்பதைத்தான் வழக்கமாக உயர்த்துவார்கள். அது உடைந்து சிதறினாலும் முன்னால் இருப்பதற்குச் சேதம் வராது.

வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவர்களில் முன்னோடி என்று ஓ. வின்ஸ்டன் லிங்க்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த 1955க்குப் பிறகான ஆண்டுகளில், அவர் இரவில் படம் எடுத்தார். சூரியனை நகர்த்த முடியாது. இருட்டிலோ ஒளி முழுவதும் அவர் கையில். ஏராளமான ஃபிளாஷ் பல்புகளைக் கம்பியால் இணைத்து, எஞ்சின் குறித்த இடத்துக்கு வரும் நொடியில் ஒன்றாக எரியவிட்டார். 1956இல் மேற்கு வர்ஜீனியாவின் திறந்தவெளித் திரையரங்கில் எடுத்த படத்தில், காருக்குள் ஓர் இளஞ்சோடி, திரையில் ஒரு போர் விமானம், பின்னால் வெண்புகையோடு விரையும் சரக்கு வண்டி, மூன்றும் ஒரே சட்டத்துக்குள். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு பிஷப்பாக இருந்த எரிக் டிரேசிக்கும் இதே பித்து. 1978இல் ஆப்பிள்பி ரயில் நிலையத்தில் நீராவி வண்டியைப் படமெடுக்கக் காத்திருந்தபோதுதான் அவர் உயிர் பிரிந்தது.

ஃபிளாஷ் விஷயத்தில் லிங்க்கை இங்கே யாரும் பின்பற்றக் கூடாது. லோகோ பைலட்டின் கண் கூசினால் விபரீதம். அதேபோல் தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கும் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அதை மதிக்க வேண்டியதில்லை. 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது சிறைக்கே கொண்டுபோகும் குற்றம். மின்சார எஞ்சின் அவ்வளவாகச் சத்தம் போடாமல் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். நீண்ட கோலில் கேமராவைக் கட்டித் தூக்குவதும் உயிரோடு விளையாடுவதே. 25,000 வோல்ட் கம்பியைத் தொடத் தேவையில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும்.

பாதுகாப்பாக நின்று பார்க்கத் தமிழ்நாட்டிலும் எல்லையோரத்திலும் இடத்துக்குக் குறைவில்லை. நாகர்கோவில்–திருநெல்வேலி தடத்தில் ஆரல்வாய்மொழி. பின்னால் மலை, சுற்றிலும் காற்றாலைகள், நடுவே வண்டி. செங்கோட்டையைத் தாண்டி புனலூர் போகும் மலைப்பாதையில் ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு எஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். தென்மலைக்கு அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் மேல் அந்த வண்டி வளைந்து போவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் மேட்டுப்பாளையம்–உதகை. 46 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வடிவமைத்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சினின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள். நீராவி முதலில் கீழ் சிலிண்டருக்குள் புகுந்து ஓடும் சக்கரங்களைத் தள்ளும். மிச்ச அழுத்தத்தோடு மேல் சிலிண்டருக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். இரண்டின் தண்டுகளும் வேறு வேறு வேகத்தில் ஆடுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் இராது. சரிவின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டே ஏறும். ஆகவே ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது கேமராக்காரர்கள் எல்லாரும் வாலை நோக்கி ஓடுவார்கள். இந்த நூற்றாண்டில்கூடப் பொன்மலைப் பணிமனை புதிய எக்ஸ் வகை எஞ்சின்களைக் கட்டித் தந்திருக்கிறது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பூட்டுவார்கள். அதன் முகத்தில் 'ஒய்.டி.எம்-4' என்றிருக்கும். மீட்டர்கேஜ், டீசல், இருவேலைக்கும் ஏற்றது, வடிவமைப்பு ஆல்கோவினுடையது. அகலப்பாதையில் அரிதாகிவரும் அந்தத் துடிப்பைக் கேட்க விரும்புபவர் குன்னூரிலேயே இறங்கிவிடாமல் எஞ்சினை ஒட்டிய பெட்டியில் இடம் பிடித்து உதகை வரை போவது நல்லது.